வீரமுத்து சொல்லிக்கொடுத்த பதில்

அத்தியாயம் 11

சாமி கும்பிடப் போகிற வழியில்கூடச் சண்டை போடாமல் போகத் தெரியாத தம்பதி யாரென்று பெரம்பலூரில் கேட்டால், வீரமுத்து, பொன்னுத்தாய் வீட்டைத்தான் கை காட்டுவார்கள். அன்று வெள்ளிக்கிழமை. மாவிளக்குக்கு ஊறவைத்த அரிசியைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு பொன்னுத்தாய் வாசலில் நிற்கிறாள். சிறுவாச்சூர் பஸ் வருகிற நேரம். வீரமுத்துவோ டெலிபோனை விட்டு நகர மாட்டேன் என்கிறார்.

மகள் புவனேஸ்வரிக்கு அமெரிக்காவில் வேலை வந்திருக்கிறது என்ற சேதியோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். கோயம்புத்தூரில் விவசாயம் படித்து, மேல்படிப்புக்குக் கனடா போய், அங்கேயே மண்ணைப் பரிசோதிக்கிற விஞ்ஞானியாகி, போன வருஷம் அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கிவிட்டவள் புவனா. வயது முப்பது. இந்த முப்பதைத்தான் பொன்னுத்தாய் வெளியில் இருபத்தேழு என்று சொல்லி வருகிறாள்.

அரியலூரில் சிமெண்டு, கம்பி வியாபாரம் செய்கிற பஞ்சநாதனின் மகன் மணிவண்ணன், அமெரிக்காவில் ராச்செஸ்டர் என்கிற ஊரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். புவனாவுக்கு வந்திருக்கிற வேலையும் அதே ஊரில். இது மட்டும் கைகூடட்டும், ஐப்பசியில் நிச்சயம், தையில் கல்யாணம் என்று பஞ்சநாதன் வீட்டில் வாக்குக் கொடுத்துவிட்டார்கள்.

வேலை வந்தது சரி, அமெரிக்காவுக்குள் போய் அதைப் பார்க்க அனுமதி வேண்டுமே. கனடாக்காரர்கள் இதற்காக எம்பசி வாசலில் கால் கடுக்க நிற்க வேண்டியதில்லையாம். கம்பெனிக் கடிதம், படித்த சான்றிதழ், பாஸ்போர்ட் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நேரே எல்லைக்குப் போகலாமாம். அங்கே உட்கார்ந்திருக்கிற ஆபீசர் நாலு கேள்வி கேட்பார். திருப்தியென்றால் அப்போதே முத்திரை குத்தி உள்ளே விடுவார், இல்லையென்றால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். புவனா போகிற எல்லை ஓர் ஆற்றுப் பாலம்.

"பாலத்துல நின்னுக்கிட்டா வேலை கேப்பாங்க?" என்று பொன்னுத்தாய் ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கொள்ளிடம் பாலத்தில் மகள் பையும் கையுமாக நிற்பதுபோல் ஒரு படம் அவள் மனசில் விழுந்துவிட்டது. எடுத்துச் சொல்லியும் போகவில்லை.

மணி அடித்தது. வீரமுத்து முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

அங்கே ராத்திரியாம். விடிந்ததும் ஒரு சிநேகிதி காரில் பாலத்துக்குப் புறப்படுகிறாளாம் புவனா. எல்லாம் எடுத்து வைத்தாயா, நல்ல துணி உடுத்திக்கொள், பொட்டு வைக்காமல் போய்விடாதே என்று பொன்னுத்தாய் ரிசீவருக்கு எட்டி எட்டிச் சொன்னாள். வீரமுத்துவுக்கு வேறு ஒரு சந்தேகம் நாலு நாளாகக் குடைந்துகொண்டிருந்தது. அந்த அனுமதிக்கு என்ன பேர் என்று கேட்டார். மகள் சொன்னதில் அவர் காதில் நன்றாக விழுந்த வார்த்தை ஒன்றுதான்: டெம்பரரி.

அந்த வார்த்தை வீரமுத்துவுக்கு இன்றைக்கும் ஆகாது. அவர் அப்பன் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர். வீரமுத்து எறையூர் சர்க்கரை ஆலையில் அரவை சீசனுக்கு மட்டும் எடுத்த ஆளாக நுழைந்தவர். அரவை ஓடினால் சோறு, நின்றால் மறுபடியும் வயல். இப்படி ஆறு சீசன் போன பிறகு ஒருநாள் மேலதிகாரி கூப்பிட்டு, எத்தனை காலத்துக்கு இங்கே இருப்பாய் என்று கேட்டார். முன்னால் நின்ற இரண்டு பேர் விழித்தார்கள். வீரமுத்து, சாகிற வரைக்கும் இந்த ஆலையில்தான் ஐயா கிடப்பேன் என்றார். அந்த வருஷமே பர்மனென்ட் ஆனார். தான் சொன்ன பதிலால்தான் ஆனோம் என்பது அவர் கட்சி. சிறுவாச்சூர் ஆத்தாதான் செய்தாள் என்பது பொன்னுத்தாய் கட்சி. வழக்கு இன்னும் முடியவில்லை.

"பாப்பா, நல்லாக் கேட்டுக்க" என்றார் வீரமுத்து. "எத்தனை நாளு இருப்பேன்னு ஆபீசர் கேட்டாருன்னா, ஒரு வருசம் ரெண்டு வருசம்னு இழுக்காதே. இனிமே இதான் ஐயா என் ஊரு, இங்கேயே வூடு கட்டி, இங்கேயே புள்ளகுட்டி பெத்து, இங்கேயே மண்ணாப் போவேன்னு சொல்லிடு. மேல இருக்கறவனுக்கு அதைக் கேட்டாத்தான் மனசு எளகும்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, சரிப்பா என்றாள் புவனா. பிள்ளைக்கு அப்பன் பேச்சில் தொண்டை அடைத்துக்கொண்டது என்று நினைத்துக்கொண்டார் வீரமுத்து. சாயங்காலம் அரியலூரில் சம்பந்தி வீட்டில் இருப்போம், சேதியை அந்த நம்பருக்கே சொல்லிவிடு என்று சொல்லி வைத்தார்.

சிறுவாச்சூரில் அன்று நல்ல கூட்டம். கோயில் வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும் என்பதால், உரலுக்கே வரிசை நின்றது. பொன்னுத்தாய் அரிசியை இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து, விளக்கேற்றிக் கண்ணை மூடினாள். அவளும் புருஷன் வழியிலேயே போய்விட்டாள். வேலை கிடைத்தால் போதாது, அது பர்மனென்ட்டாக வேண்டும் என்று ஆத்தாளிடம் அழுத்தம் திருத்தமாகக் கேட்டுவிட்டாள்.

மத்தியானத்துக்கு மேல் இருவரும் அரியலூர் பஸ் ஏறினார்கள். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து, தலையெல்லாம் வெள்ளைத் தூசியோடு போய் இறங்கினார்கள். பஞ்சநாதன் வீட்டில் தடபுடல். அவர் மனைவி ரெங்கம்மாள் மைசூர்பாகு கிண்டித் தட்டில் கொட்டியிருந்தாள். மகள் கவியா டெலிபோனைத் துடைத்துக் கூடத்தின் நடுவில் ஸ்டூலின் மேல் வைத்திருந்தாள். பஞ்சநாதன் பஞ்சாங்கத்தோடு உட்கார்ந்திருந்தார்.

ரெங்கம்மாள் காப்பியைக் கொடுத்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தாள். "சம்பந்தி, வேலை பர்மனென்ட்டுதானுங்களே? அக்கம்பக்கத்துல கேக்கறாங்க."

"மாவட்டத்தையே குடுத்துட்டுத் திருப்பி வாங்கிக்கிட்டாங்க, வேலை எம்மாத்திரம்" என்றார் பஞ்சநாதன். அரியலூரைத் தனி மாவட்டமாக்கி மறுவருஷமே பெரம்பலூரோடு சேர்த்துவிட்டதில் அவருக்கு இன்னும் ஆறவில்லை. பெரம்பலூர்க்காரரான வீரமுத்துதான் என்னவோ அதைப் பிடுங்கிக்கொண்டு போன மாதிரி, பார்க்கிறபோதெல்லாம் ஒரு குத்துக் குத்திவிடுவார்.

வீரமுத்து சிரித்துக்கொண்டே துண்டைச் சரி செய்துகொண்டார். அதற்குத்தான் பிள்ளைக்குப் பதில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்று, காலையில் போனில் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொல்லிக் காட்டினார். ரெங்கம்மாளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இப்படி ஒரு அப்பன் இருந்தால் பிள்ளை ஏன் முன்னுக்கு வராது என்று பொன்னுத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

என் மக நான் கிழித்த கோட்டைத் தாண்டாதுங்க என்று வீரமுத்து மேலும் ஒரு படி ஏறினார். டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டது, ஆலையில் கரும்பு ஆபீசர் பேச்சைக் கேட்டு விவசாயம் படி என்றேன், படித்தது. இந்தச் சம்பந்தம் வந்தபோதும் போட்டோவைக்கூட அனுப்பச் சொல்லிக் கேட்கவில்லை, நீங்கள் பார்த்தால் சரிப்பா என்றது. பெரம்பலூர் டீக்கடையில் நூறு தடவை சொன்னதுதான், இருந்தாலும் சம்பந்தி வீட்டுக் கூடத்தில் சொல்லும்போது அதற்கு ருசியே தனி.

அந்தச் சமயம் பார்த்துப் போன் அடித்தது. எல்லாரும் எழுந்துவிட்டார்கள். ஆனால் பேசியது புவனா இல்லை, மாப்பிள்ளை மணிவண்ணன். அங்கே காலை, வேலைக்குக் கிளம்புகிறானாம். அம்மாவிடம் ரெண்டு வார்த்தை பேசிவிட்டு, மாமாவிடம் கொடு என்றான். வீரமுத்து குரலைச் செருமிக்கொண்டு, கவலைப்படாதீங்க மாப்பிள்ளை என்று தன் பதிலை மறுபடியும் முதலிலிருந்து சொன்னார்.

"ஐயோ, மாமா" என்றான் மணிவண்ணன்.

கூடத்தில் இருந்தவர்களுக்கு அது கேட்கவில்லை. வீரமுத்துவின் முகம் மாறியதுதான் தெரிந்தது.

"மாமா, அந்த அனுமதியே தற்காலிகமா வர்றவங்களுக்குத்தான். ஒரு வருசம் வேலை பாத்துட்டுத் திரும்பிப் போயிடுவேன்னு சொல்றவங்களைத்தான் உள்ள விடுவாங்க. இங்கேயே தங்கிடுவேன்னு ஒரு வார்த்தை வாயில வந்துச்சு, அவ்வளவுதான், திருப்பி அனுப்பிடுவாங்க. அது அவங்க கம்ப்யூட்டர்லயும் ஏறிடும். அடுத்த தடவை போனாலும் அதையே எடுத்து வச்சுக் கேப்பாங்க."

உடனே அவளைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள் மாப்பிள்ளை என்று வீரமுத்து கெஞ்சினார். மணிவண்ணன் வைத்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் மறுபடி கூப்பிட்டு, அவள் செல்போன் எடுக்கவில்லை, எல்லை ஆபீசுக்குள் போகிறவர்கள் அதை அணைத்து வைக்க வேண்டும், ஒருவேளை உள்ளே போய்விட்டாளோ என்னவோ என்றான். அவனுக்கும் வேலைக்கு நேரமாகிவிட்டது.

மாப்பிள்ளை சொன்னதை வீரமுத்து கூடத்தில் எல்லாருக்கும் சொன்னார். ஆறு சீசன் டெம்பரரியாகக் கிடந்தபோதுகூட அவர் இப்படிப் பயந்ததில்லை. மகள் இத்தனை வருஷம் படித்த படிப்பு, தேடி வந்த வேலை, அதையொட்டி வந்த கல்யாணம், மூன்றையும் காலையில் தானே ஒரே மூச்சில் ஊதி அணைத்துவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

பொன்னுத்தாய், சிறுவாச்சூர் எந்தத் திசை என்று கவியாவிடம் கேட்டு, அந்தப் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். "ஆத்தா, காலையில நான் கேட்டதைக் கணக்குல வச்சுக்காதே. டெம்பரரியே போதும். மறுபடி நேர்ல வந்து சொல்லலாம்னா நீ திங்கக்கெழமைதான் கதவைத் தொறப்ப."

பஞ்சநாதன் வீட்டுப் போனில் வெளிநாட்டுக்குப் பேச முடியாது, வருகிறதை எடுக்கத்தான் முடியும். அவர் ஸ்கூட்டரை எடுத்தார். வீரமுத்து பின்னால் தொற்றிக்கொள்ள, பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஐ.எஸ்.டி. பூத்துக்குப் பறந்தார்கள். அங்கே ரெண்டு பேர் காத்திருந்தார்கள். ஒரு அவசரம் என்று பஞ்சநாதன் சொன்னதும் விலகி வழி விட்டார்கள்.

வீரமுத்து சட்டைப்பையிலிருந்த நம்பரை எடுத்து அழுத்தினார். ஒரு வெள்ளைக்காரப் பொம்பிளை ஏதோ சொன்னாள், அப்புறம் ஒரு பீப் சத்தம். சேதி சொன்னால் பதிவாகும் என்று பூத் நடத்துகிற அம்மாள் கண்ணாடிக்கு வெளியே இருந்து சைகை காட்டினாள்.

"பாப்பா, அப்பா பேசறேன்" என்று வீரமுத்து கத்தினார். "காலையில சொன்னதைச் சொல்லாதே. திரும்பிப் போயிடுவேன்னு சொல்லு. இன்னிக்கு ஒரு நாளு எம் பேச்சைக் கேக்காதே பாப்பா. இந்த ஒரு தடவை கேக்காதே."

வெளியே வந்தபோது அந்த அம்மாள் அவரையே பார்த்தாள். "பேச்சைக் கேக்காதேன்னு சொல்ற அப்பனை இப்பத்தாங்க பாக்கறேன்" என்றாள். அவர் சிரிக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார். மறுபடியும் அந்த வெள்ளைக்காரப் பொம்பிளைதான்.

வீடு திரும்பினார்கள். மைசூர்பாகு தட்டிலேயே இருந்தது. சாப்பிடுங்கள் என்று சொல்ல ரெங்கம்மாளுக்கும் வாய் வரவில்லை. இருட்டிக்கொண்டு வந்தது. கவியா விளக்கைப் போட்டாள். மாப்பிள்ளை இன்னொரு தடவை முயற்சி செய்கிறேன் என்று சொல்லியிருந்தான், அவனிடமிருந்தும் சேதி இல்லை. பஞ்சநாதன் பஞ்சாங்கத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

வீரமுத்துவுக்கு ஒரே எண்ணம்தான் ஓடியது. என் பிள்ளை சொன்னால் சொன்னபடி செய்யும் என்று ஊர் முழுக்க மார்தட்டினோமே, அந்தக் குணமே இன்றைக்கு அவளைக் கவிழ்த்துவிடப் போகிறது. ஆபீசர் கேட்பார். இவள் பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒப்பிப்பாள். இங்கேயே மண்ணாப் போவேன் என்பாள். எல்லாம் அங்கேயே முடிந்துவிடும்.

போன் அடித்தது.

கவியா எடுத்து, அண்ணிதான் என்று அவரிடம் நீட்டினாள். வீரமுத்து ரிசீவரை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அப்பா, கெடச்சிடுச்சுப்பா" என்றாள் புவனா.

அவர் அதைத் திருப்பிச் சொன்னாரோ இல்லையோ, கூடம் ரெண்டுபட்டது. பொன்னுத்தாய் சத்தமாகவே அழுதுவிட்டாள். ரெங்கம்மாள் தட்டைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு வாயாக ஊட்டப் புறப்பட்டாள். பஞ்சநாதன் பஞ்சாங்கத்தை மறுபடி விரித்து ஐப்பசிப் பக்கத்தைத் தேடினார். கவியா அண்ணனுக்கு எப்படிச் சேதி சொல்வது என்று குதித்துக்கொண்டிருந்தாள்.

இந்தக் கூச்சலில் வீரமுத்து சுவர்ப்பக்கம் திரும்பி, ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டார். "பாப்பா, நான் சொன்னதைச் சொன்னியா?"

"இல்லப்பா." அவள் குரல் இறங்கியது. "கோவிச்சுக்காதீங்க. அதைச் சொன்னா விட மாட்டாங்கன்னு எனக்கு முன்னாடியே தெரியும். போன்ல உங்ககிட்டச் சொல்ல மனசு வரலை. அவ்வளவு ஆசையா சொல்லிக் குடுத்தீங்க."

வீரமுத்து சிரித்தார். சிரிப்போடு கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது. நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது, உன் போனில் கத்தி வைத்திருக்கிறேன், போட்டுக் கேள் என்றார். நல்ல காரியம் செஞ்ச பாப்பா, நல்ல காரியம் செஞ்ச என்று ரெண்டு மூன்று தடவை சொன்னார். அப்புறம், ஆபீசரிடம் என்னதான் சொன்னாய் என்று கேட்டார்.

"உள்ளதைத்தான்பா சொன்னேன். ஒரு வருசம் வேலை பாத்துட்டுக் கனடாவுக்கே திரும்பிடுவேன், எனக்கு எல்லாம் அங்கதான் இருக்குன்னு சொன்னேன். பொய் சொல்லி வாங்கலை."

வீரமுத்துவின் சிரிப்பு நின்றுவிட்டது. ஆபீசரிடம் சொன்னது உள்ளதென்றால், மாப்பிள்ளை ராச்செஸ்டரில் இருக்கிறானே. இந்தச் சம்பந்தம் பேசியபோது அவள் சொன்ன சம்மதம் எதில் சேர்த்தி? காலையில் சொன்ன சரிப்பாவைத் தொண்டை அடைத்துச் சொன்னதாக நினைத்துக்கொண்ட மனுஷன், முப்பது வருஷத்தில் அப்படி எத்தனை சரிப்பாக்களை வாங்கி மடியில் முடிந்துகொண்டோம் என்று திகைத்துப்போனார். டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று பன்னிரண்டாம் வகுப்பில் நின்ற பிள்ளையின் முகம் நினைவுக்கு வந்தது.

"பாப்பா" என்றார், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "அப்ப அரியலூர் விசயத்துக்கு நீ சரின்னது?"

லாரியோ பஸ்ஸோ ஏதோ ஒன்று அந்தப் பக்கம் இரைந்துகொண்டு போனது. பாலத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கிறாள் போலிருக்கிறது.

"பக்கத்துல யாராவது இருக்காங்களாப்பா?" என்றாள் புவனா.

வீரமுத்து திரும்பிப் பார்த்தார். பஞ்சநாதன் ஐப்பசிப் பக்கத்தில் ஒரு தேதியின் மேல் விரலை வைத்துக்கொண்டு, இவருடைய சம்மதத்துக்காகத் தலையை நிமிர்த்தியிருந்தார். ரெங்கம்மாள் கடைசித் துண்டு மைசூர்பாகோடு இவருக்கு எதிரிலேயே வந்து நின்றாள். பொன்னுத்தாய் ரிசீவரைத் தன்னிடம் கொடுக்கச் சொல்லிக் கையை நீட்டினாள். கூச்சல் அடங்கி, எல்லாரும் இவர் பேச்சையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் பேசலாம் என்று சொல்லி வைத்துவிட்டால் போதும், இந்த மரியாதை கெடாமல் வீடு போய்ச் சேரலாம். ஆனால் நாளைக்குக் கேட்டால் அவள் மறுபடியும் சரிப்பா என்றுதான் சொல்லுவாள். அது இப்போது அவருக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது.

சம்பந்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, கூடத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி வீரமுத்து சொன்னார்:

"யாரும் இல்ல பாப்பா. நீ சொல்லு."